ஷாக் மாற்றியும் நிற்காத சத்தம்

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கீழக்கரையில் கடலுக்கு அருகே வீடு. பத்து ஆண்டுகள் ஓடிய, முன்சக்கரம் இழுக்கும் சிறிய கார். மீட்டரில் 1,10,000 கிலோமீட்டர். வாரத்துக்கு இருமுறை இராமேசுவரம் சென்று வருகிறீர்கள். முன்பக்கம் இடது சக்கரத்தின் அருகே 'டொக் டொக்' என்ற சத்தம் வரத் தொடங்கியதும் ஒரு பணிமனையில் காட்டினீர்கள். அவர்கள் முன்பக்கத்து ஷாக் அப்சார்பர்கள் (சக்கரத்தின் துள்ளலை அடக்குபவை, சுருக்கமாக ஷாக்) இரண்டையும் மாற்றினார்கள். பெருந்தொகை செலவான பிறகும் பழைய சத்தம் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு, நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'கிர்ர்ர்... டங்' என்று புதிதாக ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. இப்போது வேறொரு பணிமனையில் முன்பக்க சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களை வண்டியோடு சேர்த்து மேடுபள்ளங்களைத் தாங்கும் அமைப்பு, முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம், குறைந்தது இப்போதைக்கு வேண்டாம். உங்களிடம் இருப்பவை இரண்டு தனித்தனிச் சத்தங்கள், அவற்றுக்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள், இரண்டுமே ஷாக்கைவிட மலிவான பொருள்களில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் இப்படிச் சொல்ல எனக்குத் துணிவு தருகிறது: "பாம்பன் பாலத்தில் அவ்வளவாகச் சத்தம் வருவதில்லை, பெரியபட்டினம் வழியாக வரும்போதுதான் உயிரை வாங்குகிறது." பணிமனையில் இதைச் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தால், கேட்டவர் சற்று நின்று யோசித்திருந்தால், ஷாக்கில் கை வைத்திருக்க மாட்டார்.

1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம் கொண்டது. அதன் தளம் ஒரே பாளமாகப் போடப்பட்டதன்று. வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் இடம்விட்டுப் பல பாளங்களாக அமைத்து, இடையிடையே இணைப்புப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். அந்தப் பட்டைகள் சாலைக்குக் குறுக்காக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை செல்வதால், காரின் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நொடியில் அதில் மோதி ஒரே அளவு மேலேறி இறங்குகின்றன. கிராமத்துச் சாலையில் அப்படியன்று. அங்கே தார் பெயர்ந்த பள்ளம் இடது சக்கரத்துக்கு மட்டும் வரும்; வலது சக்கரம் சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நம் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்த இரண்டு வகைச் சாலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய வசதி என்றே நான் சொல்வேன், ஏனெனில் இவை இரண்டும் சஸ்பென்ஷனின் வேறுவேறு உறுப்புகளைச் சோதிக்கின்றன.

இதற்குக் காரணம் ஸ்டெபிலைசர் பார் என்னும் கம்பி. இது வண்டியின் அடியில் இடமிருந்து வலமாகச் செல்லும் ஒரு வளைந்த எஃகுக் கம்பி. அதன் இரு முனைகளையும் இரண்டு சக்கரங்களின் ஷாக்குகளோடு சேர்ப்பவை லிங்க் ராடு எனப்படும் சிறு தண்டுகள். ஒவ்வொரு லிங்க் ராடின் இரு முனையிலும் கோலிக்குண்டு அளவில் ஒரு பந்து மூட்டு, அதைச் சுற்றி கிரீஸ், அதற்கு மேல் ஒரு ரப்பர் உறை இருக்கும். வளைவில் திரும்பும்போது வண்டி ஒருபக்கம் சாயாமல் தடுப்பதுதான் இந்தக் கம்பியின் வேலை. இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே ஏறி இறங்கினால் கம்பி தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்களான புஷ்களுக்குள் வெறுமனே சுழன்று கொடுக்கும். முறுக்கம் இல்லாததால் லிங்க் ராடுகளில் விசையும் அதிகம் ஏறாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கத்தின் விசை முழுவதையும் லிங்க் ராடின் சிறிய பந்து மூட்டுகளே தாங்கும். மூட்டு தேய்ந்து ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்திருந்தாலும் பந்து தன் கூட்டுக்குள் அடித்து 'டொக்' என்னும். ஷாக்கோ அதன் மேல்தாங்கியோ பழுதாகியிருந்தால் நிலைமை வேறு. பாலத்துப் பட்டைகளிலும் சத்தம் பலமாகக் கேட்டிருக்கும். உங்கள் காரில் பாலம் அமைதியாகவும் கிராமச் சாலை ஆரவாரமாகவும் இருப்பதால் என் முதல் சந்தேகம் இடது லிங்க் ராடு, இரண்டாவது சந்தேகம் ஸ்டெபிலைசர் பாரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ்கள்.

சந்தேகத்தை உறுதி செய்ய எளிய வழி உண்டு. இரண்டு பக்கத்து லிங்க் ராடுகளையும் கழற்றி எடுத்துவிட்டு, ஸ்டெபிலைசர் பாரின் முனைகள் எதிலும் உரசாதபடி பார்த்துக்கொண்டு, அதே மோசமான சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினாலும் கம்பியில் முறுக்கம் ஏறாது என்றாலும், இரண்டையும் கழற்றினால் குழப்பத்துக்கு இடமில்லை. சத்தம் முற்றிலும் நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது. கம்பி இல்லாத வண்டி திருப்பங்களில் அதிகம் சாயும் என்பதால் இந்தச் சோதனையை ஆளில்லாத கிளைச் சாலையில் மெதுவாகச் செய்ய வேண்டும். நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஒன்றையும் கழற்றாமலே செய்யக்கூடிய சோதனைகளும் இருக்கின்றன. அவற்றை முதலில் செய்வதே முறை. டிக்கியில் இருக்கும் ஜாக்கி, ஸ்டெப்னி, கருவிப் பை, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முன்பக்கம் கேட்கிறது என்று நாம் நம்பும் சத்தம் பின்னால் இறுகாத ஸ்டெப்னியிலிருந்து வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காரின் உடல் முழுவதும் இரும்பு என்பதால் சத்தம் அதன் வழியே ஓடி எங்கோ ஓரிடத்தில் வெளிப்படும். காதை மட்டும் நம்பி இடத்தை முடிவு செய்வது ஆபத்து. அடுத்து, சத்தம் வரும் சாலையிலேயே பிரேக்கை மிக லேசாக, வண்டி வேகம் குறையாத அளவுக்குத் தொட்டுப் பிடித்தபடி ஓட்டுங்கள். அப்போது சத்தம் நின்றால் குற்றவாளி சஸ்பென்ஷனே இல்லை. பிரேக் பேட் தன் தாங்கியில் ஆடுகிறது, அல்லது பேடை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின்கள் தேய்ந்திருக்கின்றன. உப்புக்காற்றில் அந்தப் பின்களின் ரப்பர் உறை வெடித்து உள்ளே துரு ஏறுவது இங்கே மிகச் சாதாரணம்.

பிறகு காலி இடத்தில் வண்டியை மெதுவாக முன்னே நகர்த்திச் சட்டென்று பிரேக் போடுங்கள். ரிவர்ஸில் போட்டுப் பின்னே நகர்த்தி மறுபடி பிரேக் போடுங்கள். திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு 'தட்' கேட்டால், சக்கரத்தைக் கீழிருந்து சட்டத்தோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பின்புற புஷ் கிழிந்திருக்கிறது என்று பொருள். சக்கரம் முன்னும் பின்னும் இடம்பெயர்ந்து அந்தச் சத்தத்தை எழுப்புகிறது. கிளட்ச்சை விடும்போதும் கியர் மாற்றும்போதும் மட்டும் 'தட்' என்றால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டைப் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தபடி வேகம் கூட்டும்போது 'டக் டக் டக்' என்று சக்கரத்தின் சுழற்சிக்கு ஏற்ப எண்ணக்கூடிய சத்தம் வந்தால் அது சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் தண்டின் மூட்டான சிவி ஜாயிண்ட். வேகம் கூடக் கூட விமானம்போல் ஓர் உறுமல் எழுந்து, ஒருபக்கம் திருப்பினால் கூடி மறுபக்கம் திருப்பினால் குறைந்தால் அது சக்கர பேரிங். மெல்லிய தகரம் அதிர்வதுபோல் 'லொடலொட' என்றால் சைலன்சரின் மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகடு துருப்பிடித்துப் போல்ட்டிலிருந்து விடுபட்டிருக்கும்; எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு கைமுட்டியால் தட்டினாலே தெரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் ஜாக்கி. நம் பகுதியில் வீட்டு முற்றம் பெரும்பாலும் மணல் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். மணலில் ஜாக்கி வைக்காதீர்கள். பலகை போட்டாலும் வைக்காதீர்கள். சிமெண்டுத் தளத்தில், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பிறகு ஸ்டாண்டின் மேல் வண்டியை இறக்கி நிறுத்திய பின்னரே கையை உள்ளே விட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

தூக்கிய சக்கரத்தைக் கடிகாரத்தின் 12 மணி, 6 மணி நிலைகளில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உடன் இருப்பவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் லோயர் ஆர்மைச் சக்கரத் தாங்கியோடு சேர்க்கும் பந்து மூட்டான பால் ஜாயிண்ட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். 3 மணி, 9 மணி நிலைகளில் ஆட்டம் இருந்தால், ஸ்டியரிங் ராக்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனையான டை ராடு எண்டையோ ராக்கின் உள்முனை மூட்டையோ சந்தேகிக்க வேண்டும். பால் ஜாயிண்டைத் தனியாகச் சோதிக்க லோயர் ஆர்முக்கும் சக்கரத் தாங்கிக்கும் இடையே ஒரு நீண்ட லீவரைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். மற்றப் பழுதுகளில் சிலவற்றோடு சில நாள் பொறுத்து ஓட்டலாம்; பால் ஜாயிண்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் அந்த வண்டியை அந்த இடத்திலிருந்தே ஓட்டக் கூடாது. அது கழன்றால் சக்கரம் வெளிப்பக்கம் மடிந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். பாலத்தின் நடுவே அப்படி நிகழ்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வண்டி தரையில் நிற்கும்போது செய்யும் இன்னொரு சோதனையை நான் பெரிதும் நம்புகிறேன். ஒருவர் முன்பக்க ஃபெண்டரை மேலும் கீழுமாக அழுத்தி ஆட்ட வேண்டும். ஸ்டியரிங்கை ஒருபக்கம் திருப்பி வைத்தால் கிடைக்கும் இடைவெளியில் மற்றவர் கையை விட்டு ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் நுனியை வைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த மூட்டு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் விரலில் ஒரு சிறு அடியாகத் தெரியும். வைத்தியர் நாடி பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. விரலை ஸ்பிரிங் சுருள்களின் இடையே மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது சத்தத்துக்கு வருகிறேன். ஷாக் மாற்றிய பிறகு தோன்றியதால் அது அந்த வேலையின் விளைவு என்றே கொள்ள வேண்டும். உங்கள் காரில் இருப்பது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக அமைந்த, ஸ்ட்ரட் என்னும் வகை. அந்தத் தூண் வண்டியின் உடலோடு சேரும் உச்சியில் ஒரு ரப்பர் மவுண்ட்டும் அதன் கீழே ஒரு பேரிங்கும் உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தூண் முழுவதும் அந்தப் பேரிங்கின் மேல்தான் சுழல்கிறது. பேரிங்குக்குள் மணலும் துருவும் சேர்ந்து இறுகிவிட்டால் தூண் சுழலும்போது ஸ்பிரிங் உடன் சுழல மறுத்து முறுக்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் சட்டென்று விடுபட்டுத் துள்ளும். நீங்கள் எழுதிய 'கிர்ர்ர்... டங்' அந்த முறுக்கமும் துள்ளலுமே. ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை லேசாக வைத்துக்கொண்டு மற்றவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னால் அந்தத் துள்ளல் கையில் தெரியும்.

ஷாக்கை மாற்றும்போது பழைய மவுண்ட்டையும் பழைய பேரிங்கையும் துடைத்து அப்படியே போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். செலவைக் குறைக்கும் நல்ல எண்ணத்தில்கூட அதைச் செய்திருக்கலாம். ஆனால் 1,10,000 கிலோமீட்டர் கடற்கரையில் ஓடிய பேரிங்கைக் கழற்றிவிட்டு மீண்டும் அதையே பூட்டுவது சிக்கனமாகாது. ஏனெனில் கூலியின் பெரும்பகுதி தூணை இறக்கி ஏற்றுவதற்கே போகிறது, இப்போது அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கிறது. வேறு வாய்ப்புகளும் உண்டு. ஸ்பிரிங்கின் கீழ்முனை அதன் இருக்கையிலுள்ள படியில் சரியாக உட்காராமல் இருக்கலாம். உச்சி நட்டு முழு இறுக்கத்துக்கு வராமல் இருக்கலாம். பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர்த் தடையும் தூசி உறையும் கிழிந்திருந்ததால் போடாமலே விட்டிருக்கலாம். இதைச் சரிபார்க்கத் தூணைப் பிரிக்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும் என்பதால் அந்த ஒரு வேலையை மட்டும் வீட்டில் செய்யாமல், ஸ்பிரிங் கம்ப்ரசர் வைத்திருக்கும் பணிமனையில் கொடுங்கள்.

முன்பக்கத்தில் சத்தம் என்றாலே ஷாக் என்று முடிவு கட்டும் பழக்கத்தைப் பற்றி என் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஷாக் பழுதாவது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். அதன் உடலில் எண்ணெய் வழிந்து தூசி படிந்திருக்கும்; வேகத்தடையைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஊஞ்சல்போல் ஆடும்; பிரேக் போட்டால் மூக்கு தாழும்; டயர் அலை அலையாகத் தேயும். இந்த அடையாளங்களில் ஒன்றும் இல்லாதபோது, வெறும் 'டொக் டொக்' சத்தத்துக்காக மட்டும் ஷாக்கை மாற்றுவது, பல்வலிக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுப்பதற்கு ஒப்பானது. ஷாக்கின் உள்வால்வு உடைந்து தட்டுவதும் உண்டுதான், ஆனால் அது அரிது.

லிங்க் ராடும் மவுண்ட் பேரிங்கும் நம் பகுதியில் ஏன் இவ்வளவு விரைவாகப் போகின்றன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். துரு பிடிக்க மழை வேண்டியதில்லை. காற்றிலுள்ள ஈரமே போதும், அந்த ஈரத்தை உப்பு இழுத்து வைத்துக்கொள்கிறது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானே கசிந்து நீராகும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதம் போன்ற குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். எனவே மண்டபத்திலோ ஏர்வாடியிலோ இரவில் நிறுத்திய வண்டியின் அடிப்பாகம், ஒரு சொட்டு மழை இல்லாத மாதத்திலும், விடியும்வரை மெல்லிய உப்புநீரில் நனைந்தே இருக்கிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அரிப்பு ஆய்வுக்காக மண்டபத்தைத் தேர்ந்தெடுத்து, உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திச் சோதித்தது இதனால்தான்.

உப்போடு மணலும் சேர்கிறது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் தார்ச்சாலை திறந்த பிறகு, முன்பு வேன்களும் ஜீப்புகளும் மட்டுமே மணலில் சென்ற இடத்துக்குச் சிறிய கார்களும் போகின்றன. கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் அந்தச் சாலையின் குறுக்கே மாவுபோன்ற மணல் ஓடிக்கொண்டே இருக்கும். வெயிலில் வெடித்த ரப்பர் உறைக்குள் அந்த மணல் புகுந்துவிட்டால் உள்ளிருக்கும் கிரீஸ், உறுப்பைத் தேய்க்கும் பசையாக மாறிவிடுகிறது. லிங்க் ராடின் உறை மிகச் சிறியது, மெல்லியது, சக்கரத்தின் உள்பக்கம் நேரடியாக மணல் தெறிக்கும் இடத்தில் இருப்பது. அதனால்தான் அது முதலில் போகிறது. வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களின் வழியே அடிக்கடி செல்லும் வண்டிகளிலும், மீன்பெட்டி ஏற்றிப் பனிக்கட்டி நீர் ஒழுகும் வண்டிகளிலும் இதே கதைதான்.

இந்த இடத்தில் ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு சொல். ஸ்பிரிங்கின் கடைசிச் சுருள் இருக்கையைத் தொடும் இடத்தில் மணல் தங்கி, பெயிண்டைச் சுரண்டி, அந்தக் காயத்தில் உப்பு ஊறித் துருக்குழி விழும். பிறகு ஒருநாள் சுருள் அங்கேயே முறியும். தனுஷ்கோடிக்கு நாள்தோறும் ஓடிய ஒரு வண்டியில், கடைசிச் சுருள் உள்ளங்கை நீளத்துக்கு முறிந்து, அதன் கூர்முனை டயரிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் நின்றதைக் கண்டிருக்கிறேன். ஓட்டுநருக்கு ஒரு 'டங்' சத்தம் கேட்டதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சமதளத்தில் நிறுத்தி, டயரின் உச்சிக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியை இடமும் வலமும் அளந்து பாருங்கள்; ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி தாழ்ந்திருந்தால் டார்ச் அடித்து ஸ்பிரிங்கின் அடிச்சுருளைப் பார்க்க வேண்டும்.

பழுது பார்க்கும் முறைக்கு வருவோம். லிங்க் ராடை மாற்றுவது அரைமணி நேர வேலைதான், ஆனால் கடற்கரை வண்டியில் நட்டு கழறாது. முந்தைய இரவே மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து விட்டுவிடுங்கள். பந்தின் தண்டு நட்டோடு சேர்ந்து சுற்றாமலிருக்க அதன் நுனியில் ஆலன் கீ நுழையும் குழி உண்டு. அதில் துரு நிறைந்திருந்தால் முதலில் ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் சாவியைப் போடாதீர்கள், குழி வழுக்கிவிடும். வழுக்கிவிட்டால் வெட்டி எடுப்பதே வழி. நெருப்பு வைத்துச் சூடாக்குவது பக்கத்திலுள்ள பிரேக் ஹோஸையும் ஆக்சில் உறையையும் பாழாக்கும். புதியதைப் பூட்டும்போது நைலான் வளையம் கொண்ட புது நட்டையே போட வேண்டும். பழைய நட்டு அதிர்வில் நெகிழும். ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் பின்தொடரும் என்பதால் லிங்க் ராடை இணையாக மாற்றிவிடுவது நல்லது. கூடவே ஸ்டெபிலைசர் பாரின் நடு புஷ்களையும் பாருங்கள். புஷ்ஷுக்குள் கம்பி துருவேறி மெலிந்திருந்தால் புது புஷ்ஷும் அதைப் பிடிக்காது.

லோயர் ஆர்ம் புஷ் மாற்ற வேண்டிவந்தால், நான் பணம் கொடுத்துக் கற்ற ஒரு பாடத்தை நீங்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், வண்டி ஜாக்கியில் நிற்க, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ்ஷின் போல்ட்டுகளை முழுவதும் இறுக்கி அனுப்பிவிட்டேன். சில மாதங்களில் அதே வண்டி அதே சத்தத்தோடு திரும்பி வந்தது. புது புஷ் கிழிந்திருந்தது. உதிரிப்பாகம் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். தவறு என்னுடையது. அந்த புஷ்ஷில் ரப்பர், உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியே இருக்கிறது. போல்ட்டை இறுக்கும் நொடியில் எந்த நிலையில் இருக்கிறதோ அதுவே அதன் இயல்பு நிலையாகிவிடும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் நாளெல்லாம் முறுக்கப்பட்டே கிடந்து கிழிந்துவிடும். போல்ட்டுகளைக் கையளவு இறுக்கி, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் வந்த பிறகே கடைசி இறுக்கத்தைக் கொடுக்க வேண்டும். எந்தப் பணிமனையில் கொடுத்தாலும் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று நின்று பாருங்கள். தயங்காமல் கேளுங்கள். போல்ட்டுக்குரிய இறுக்க அளவு உங்கள் காரின் சேவைக் கையேட்டில் இருக்கும். அதை இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கொடுப்பதும் ஊகத்தில் கொடுப்பதும் ஒன்றாகாது. லோயர் ஆர்ம், டை ராடு எண்ட், ஸ்ட்ரட் ஆகியவற்றில் எதைக் கழற்றினாலும் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும்.

'கீச் கீச்' என்ற ரப்பர் முனகல் இருந்தால் ஒவ்வொரு புஷ்ஷின் மேலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் தெளித்து ஆட்டிப் பாருங்கள். எதில் தண்ணீர் பட்டதும் முனகல் அடங்குகிறதோ அதுவே இடம். அதற்குச் சிலிக்கான் கிரீஸ் போதும். வாட்டர் சர்வீஸில் வண்டியின் அடியில் டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து அடிப்பார்கள். துருவுக்கு நல்லது என்று பலரும் விரும்பிக் கேட்டு வாங்குகிறார்கள். அது தகட்டுக்குச் சில நாள் காப்பாக இருக்கலாம், ரப்பருக்கு நஞ்சு. எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் ஊதிப் பெருத்து, இளகி, பிய்ந்துவிடும். எண்ணெய்ப் பசையில் மணல் வேறு ஒட்டிக்கொள்ளும்.

அரிச்சல்முனை போய் வந்த அன்றே அடிப்பாகத்தைத் தண்ணீரால் கழுவிவிடுவதுதான் செய்யத்தக்கது. அதிலும் தண்ணீரைச் சுவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நம் ஊருக்கே உரிய எச்சரிக்கை. கடலோரத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்நீர். அதால் கழுவினால் உப்பின் மேல் உப்பைப் பூசியதாகும். குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்களில் நல்ல தண்ணீரைக் காருக்கு ஊற்றச் சொல்ல எனக்கும் மனம் வருவதில்லை. ஆனால் வண்டி முழுவதையும் குளிப்பாட்ட வேண்டியதில்லை. நான்கு சக்கர வளைவுகளின் உள்பக்கத்திலும் ஸ்பிரிங்கின் அடியிலும் படும்படி இரண்டு வாளி நல்ல தண்ணீர் போதும். மாடியில் பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் இன்னும் சிறப்பு. அழுத்தக் குழாயின் முனையை மூட்டுகளின் ரப்பர் உறைகளுக்கு நேராகப் பிடிக்காதீர்கள்; வெளியே இருந்த உப்பு உள்ளே போய்விடும்.

உங்கள் வண்டிக்கு வேலை இந்த வரிசையில் போகட்டும். முதலில் பால் ஜாயிண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று லீவரால் நெம்பிப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் லிங்க் ராடுகளைக் கழற்றிப் பெரியபட்டினம் சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் இரண்டு லிங்க் ராடுகளையும், தேய்ந்திருந்தால் நடு புஷ்களையும் மாற்றுங்கள். பிறகு ஷாக் மாற்றிய பணிமனைக்கே சென்று, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுவதை அவர்கள் கையாலேயே தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். அவர்கள் செய்த வேலை என்பதால் கூலியில் விட்டுக்கொடுக்கக் கேட்பது உங்கள் உரிமை. மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றின் விலையை மட்டும் கொடுத்தால் போதும் என்று பேசிப் பாருங்கள். தூணை மறுபடி ஏற்றும்போது ஸ்பிரிங்கின் முனை படியில் உட்கார்ந்ததை நேரில் பார்த்த பிறகு உச்சி நட்டை இறுக்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் பாலத்தில் ஒருமுறை, கிராமச் சாலையில் ஒருமுறை ஓட்டுங்கள். அதன் பிறகும் பாலத்துப் பட்டைகளில் மட்டும் சத்தம் மிஞ்சினால் மவுண்ட்டின் இறுக்கத்தையும், கைகளில் ஸ்டியரிங் வழியாக அதிர்வு தெரிந்தால் ராக்கின் உள்முனை மூட்டையும் பார்க்க வேண்டியிருக்கும்.